கூரைக்கடியில் பஞ்சு

ஏணியின் ஏழாவது படியில் நின்றுகொண்டு, தலைக்கு மேலே இருந்த சதுரப் பலகையை டெய்லரம்மா இரண்டு கையாலும் தள்ளினாள். அது அசைந்து கொடுக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை தள்ளினாள். பலகை டக்கென்று மேலே எழும்பி, அவள் முகம் முழுக்கத் தூசியைக் கொட்டியது.

"அம்மா, சொன்னாக் கேளு. எறங்கு," என்றாள் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மகள். "சாயந்திரம் அவரு வந்துருவாரு. அவரை ஏறிப் பாக்கச் சொல்றேன்."

"மாப்பிள்ளை சாயந்திரம் வந்து என்னத்தைப் பாக்கறது? ஒம்பது மணிக்கு மேல இதுக்குள்ள தலையை நீட்ட முடியுமா? உங்கப்பா என்னைக்காவது காலையில இல்லாம வேற நேரத்துல ஏறிப் பாத்திருக்கியா?"

"அப்ப நான் ஏர்றேன்."

"ஏறுவே. தூசி பட்டா உனக்கு மூச்சு இழுக்கும். அப்புறம் நர்ஸம்மா உங்கப்பாவைப் பாக்கறதா, உன்னைப் பாக்கறதா? ஒழுங்காப் பிடி."

காலை ஆறரை மணி. டெய்லரம்மாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைத் துணைக்குக் கூப்பிடுகிற முழங்கால்கள். புருஷனின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டி, மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, நெற்றியில் அவருடைய டார்ச் விளக்கை மாட்டியிருந்தாள். திருடப் போகிறவள் மாதிரி இருப்பதாக மகள் சொன்னாள். வேறொரு நாளாக இருந்திருந்தால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

அவர் பக்கத்து அறையில் செத்துக்கொண்டிருந்தார். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயன் இல்லை. ஆஸ்பத்திரியில் பத்து நாளைக்கு முன்பே கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேற்றுச் சாயந்திரம் வந்த நர்ஸ், வாசல்வரை டெய்லரம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், "இன்னிக்கோ நாளைக்கோம்மா. சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க," என்றாள்.

அவர் பம்ப் ஸ்டேஷனில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் ஃபிட்டர்தான். முன்னறையில் தையல் மெஷினைப் போட்டு உட்கார்ந்த நாளிலிருந்து அவள் டெய்லரம்மா. வீட்டுக்குள்ளேயும் பாதி நேரம் அப்படித்தான். கோபம் வந்தால் "என்ன டெய்லரே" என்பார். கோபம் இல்லாதபோதும் அதையேதான் சொல்வார். தொனியை வைத்து அவள் கண்டுபிடித்துக்கொள்வாள்.

எலும்புக்குள் பரவிய வலியைக்கூட மருந்து ஒருவாறு அடக்கியிருந்தது. அடங்காமல் இருந்தது வெக்கை. கோடை பிறந்த நாளிலிருந்து அவர் வாயில் வருவது அந்த ஒரு வார்த்தைதான். மத்தியானம் ஆனால் தலையணை நனைந்துவிடும், முதுகு நனைந்துவிடும், "வெக்கையா இருக்கு" என்று முனகுவார். "மருந்துச் சூடு. உடம்புல இருக்குற சூடு," என்று இரண்டு மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஈரத் துணியால் துடைப்பாள். ஃபேனைக் கூட்டி வைப்பாள். ஃபேன் அனலை வாரி அவர்மேலேயே இறைக்கும். ஏசிக்கு அந்த வீட்டு வயரிங் தாங்காது. வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று மாப்பிள்ளையும் மகளும் போன வாரம் ஒருமுறை முயன்று பார்த்தார்கள். இடுப்பில் கை வைத்ததும் அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு வாத்தியார் ஓடி வந்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

நேற்று ஃபேன் இறக்கையைத் துடைக்க ஸ்டூலில் ஏறியவள், தடுமாறிக் கூரைப் பலகையில் கையை ஊன்றினாள். இஸ்திரிப் பெட்டியை அணைத்து ஐந்து நிமிஷம் கழித்துத் தொட்டது மாதிரி இருந்தது. அதே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் போட்டு ஏறி, அங்கேயும் தொட்டுப் பார்த்தாள். அங்கே அப்படி இல்லை. ஒரே வீடு, ஒரே தகரக் கூரை, ஒரே வெயில். அந்த அறைக்கு மேலே மட்டும் ஏதோ ஆகியிருக்கிறது. வெயிலைத் தடுக்க மேலே போட்ட பஞ்சை எலி இழுத்திருக்கும், இல்லாவிட்டால் மறுபடியும் ஒழுகியிருக்கும் என்று நினைத்தாள். சாகிற மனுஷன் வெந்து சாக வேண்டாம். அவ்வளவுதான் அவள் வேண்டியது.

உடம்பை எக்கி, வயிற்றைப் பலகை விளிம்பில் சாய்த்து, ஒருவழியாக உள்ளே போய்ச் சேர்ந்தாள்.

முப்பது வருஷமாக அவர் இந்தக் கூரைக்கும் பலகைக்கும் நடுவில் போய் வந்திருக்கிறார். வருஷத்துக்கு இரண்டு முறை, கோடைக்கு முன்னால் ஒன்று, மழை முடிந்ததும் ஒன்று. தகர ஆணிகள் தளர்ந்திருக்கிறதா, காற்றுப் போகிற கம்பிவலை அடைத்திருக்கிறதா, பஞ்சு நனைந்து படிந்து போயிருக்கிறதா என்று பார்த்து, கெட்டதை எடுத்து நல்லதைப் போட்டு, ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுவார். அத்தனை முறையும் ஏணியைப் பிடித்தவள் அவள். மேலே எப்படி இருக்கும் என்று கேட்டே பழகியவள், கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நிமிர முடியாது. தவழத்தான் வேண்டும். குறுக்கே ஒன்றரை அடிக்கு ஒரு மரச்சட்டம். சட்டத்தின் மேல்தான் முழங்காலை வைக்க வேண்டும், தவறி நடுவில் வைத்தால் பலகையோடு கீழே இருக்கிறவர் தலையில் விழ வேண்டியதுதான்.

பஞ்சு என்றால் மெத்தைப் பஞ்சு இல்லை. கண்ணாடியை நூலாக இழுத்துச் செய்த மஞ்சள் பஞ்சு, சுருள் சுருளாகக் கடையில் விற்பது. வெயிலைக் கீழே விடாது. ஆனால் தோலில் பட்டால் கண்ணுக்குத் தெரியாத முள்ளாகக் குத்தும். புதுவீட்டில் முதல் பன்னிரண்டு வருஷமும், ஒவ்வொரு முறை இறங்கி வந்ததும் அவர் இரண்டு நாள் முழங்கை வரை சொறிந்துகொண்டே இருப்பார். தோல் சிவந்து தடித்துப் போகும். பார்க்கச் சகிக்காமல்தான் டெய்லரம்மா அந்த யோசனையைச் சொன்னாள்.

"உறை தச்சுத் தர்றேங்க. பஞ்சை நானே உள்ள அடைச்சு, வாயைத் தச்சுக் குடுத்துடறேன். நீங்க தலையணை மாதிரி எடுத்து வெச்சுட்டு வந்துருங்க. கையே படாது."

பழைய விரிப்பு, ஜன்னல் திரை, வெட்டி மிஞ்சிய துணி எல்லாம் உறையானது. அவள் எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். கையுறை போட்டுக்கொண்டு, விரலால் அமுக்கினால் அமுங்காத அளவுக்குத் திணித்து, இரட்டைத் தையல் போட்டு மூடுவாள். அதிகம் அடைத்தால் அதிகம் தாங்கும் என்பது அவள் கணக்கு. தைக்கத் துணி கொண்டுவருகிறவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுக் கூரைக்கே நான் தலையணை தச்சுப் போட்டிருக்கேன்," என்று பெருமை அடித்துக்கொள்வாள். "அரிப்பு எப்படிங்க?" என்று கேட்டால் அவரும், "போயே போச்சு டெய்லரே," என்பார். அந்த ஏற்பாடு பதினெட்டு வருஷமாக நடக்கிறது.

கூடத்துக்கு மேலே தவழ்ந்து போனவள் டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்தாள்.

அவள் உறைகள்தான். நீலக் கட்டம் போட்ட விரிப்பு, பச்சைத் திரை. ஆனால் எல்லாம் மூன்று பக்கமும் பிரிந்து, புத்தகத்தைத் திறந்து போட்டது மாதிரி சட்டங்களுக்கு நடுவில் விரிந்து கிடந்தன. அதன்மேல் பஞ்சு பொலபொலவென்று, இந்தச் சட்டத்திலிருந்து அந்தச் சட்டம் வரை ஒரு விரல் இடைவெளி இல்லாமல், முழங்கை உயரத்துக்கு உப்பி நின்றது. எலிதான் என்று முதலில் நினைத்தாள். குனிந்து துணியின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். துணியில் ஒரு கீறல் இல்லை. நூல் மட்டும் ஒவ்வொரு கண்ணியாக வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. எந்த எலிக்கும் அவ்வளவு பொறுமை கிடையாது.

முதலில் வந்தது கோபம்தான். அதை மறைப்பானேன். பதினெட்டு வருஷம்! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தைத்துக் கொடுத்ததை இந்த மனுஷன் மேலே கொண்டு வந்து உட்கார்ந்து பிரித்திருக்கிறார். அப்படியானால் வெறும் கையால் பஞ்சைத் தொட்டிருக்கிறார். இறங்கியதும் நேரே பின்கட்டுக் குழாய்க்குப் போய் அரை மணி நேரம் கை கழுவுவாரே, வேனல் காலத்தில் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் திரிவாரே, கேட்டால் "வேர்க்குரு" என்பாரே, அதெல்லாம் இதுதானா.

"அம்மா? என்ன ஆச்சு? சத்தத்தையே காணோம்," என்று மகள் கீழிருந்து குரல் கொடுத்தாள்.

"ஒண்ணும் ஆகல. நீ போய் அப்பாகிட்ட இரு."

அவர் அறைக்கு மேலே வந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. போன மழையில் அங்கே தகரத்து ஆணி ஒன்று விட்டுப்போய் ஒழுகி, பஞ்சு முழுக்க நனைந்து பாழாகிவிட்டது. அவர் அப்போது முதல் முறையாக ஆஸ்பத்திரியில் இருந்தார். அவர் வருவதற்குள் சரிபண்ணிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, இரண்டு நாளில் பன்னிரண்டு உறை தைத்து அடைத்துக் கொடுத்தாள். மாப்பிள்ளை ஆணியை முடுக்கிவிட்டு, உறைகளை அடுக்கி வைத்துவிட்டு இறங்கினார். மாப்பிள்ளை சொன்னபடி செய்கிற மனிதர். மாமியார் தைத்ததைப் பிரிக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பன்னிரண்டும் அவள் தைத்தது தைத்தபடி கிடந்தன. திண்டு திண்டாக, கல்லு மாதிரி. உருண்டையான திண்டுகள் என்பதால் சட்டத்துக்கும் அதற்கும் நடுவில் இரண்டு பக்கமும் வெறும் பலகை தெரிந்தது. அந்தச் சந்தில் கையை விட்டாள். நேற்றைய வெயில் ராத்திரி முழுக்கப் போகாமல் அங்கேயே தங்கியிருந்தது. வந்த வழியே திரும்பித் தவழ்ந்து, கூடத்து மேலிருந்த பஞ்சுக்கு அடியில் கையை நுழைத்தாள். பலகை குளிர்ந்திருந்தது.

உப்பி நின்றால்தான் அது வேலை செய்யும். அமுக்கினால் செத்துப் போகும். இதை விளங்கிக்கொள்ள ஒரு ஃபிட்டர் தேவையில்லை, அவளுக்கே கையால் தெரிந்துவிட்டது. அவருடைய வெக்கை மருந்துச் சூடு இல்லை. இரண்டு மாதமாக அவரை வாட்டியது அவளுடைய இரட்டைத் தையல். சட்டத்தின்மேல் அப்படியே குப்புறப் படுத்துக்கொண்டாள்.

பலகை மெல்லியது. கீழே மகள் தம்ளரை வைக்கிற சத்தம்கூடக் கேட்டது.

"பாப்பா," என்று பலகையிடம் சொன்னாள். மகளுக்கு முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். ஆனாலும் பாப்பாதான். "உங்கப்பா முழிச்சிருக்காரா?"

"முழிச்சுதான் இருக்காரு. நீ தலைக்கு மேல உருள்றதைத்தான் பாத்துட்டிருக்காரு."

"மேல இருக்கறதையெல்லாம் பிரிச்சது யாருன்னு கேளு."

"எதைம்மா?"

"அவருக்குத் தெரியும். நீ கேளு."

மகள் கேட்டது காதில் விழுந்தது.

"அம்மா, சிரிக்கிறாரு."

"சிரிப்பாரு, சிரிப்பாரு."

"ஏதோ சொல்றாரு. இரு, காதைக் கிட்ட வெச்சுக் கேக்கறேன்... 'மாட்டிக்கிட்டேனா'ங்கறாரு."

"இத்தனை வருஷமா ஏன் வாயைத் திறக்கலன்னு கேளு."

இந்த முறை பதில் வர நேரமாயிற்று. அவருக்கு ஒரு வாக்கியத்துக்கு மூன்று முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

"தையல் நல்லா இருந்துச்சாம்," என்றாள் மகள்.

"அப்புறம்?"

"பிரிக்கத்தான் நேரம் ஆகுமாம். அம்மா, என்னதான் நடக்குது இங்க? எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

டெய்லரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கூடவே மற்றதும் வந்து மூக்குத் துணி நனைந்து ஒட்டிக்கொண்டது. துடைக்கக் கையைக் கொண்டுபோனால் கையுறை முழுக்கப் பஞ்சு.

"இந்த ரூமுக்கு மேல பிரிக்காமக் கெடக்கறது அவருக்குத் தெரியுமான்னு கேளு."

"தெரியுமாம்."

"எப்பலேர்ந்து?"

"மொத தடவை ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தாரே, அப்புறம் வெயில் ஆரம்பிச்ச அன்னிக்கே தெரிஞ்சுபோச்சாம்."

அவள் பக்கத்தில் கிடந்த திண்டின் இரட்டைத் தையலை விரலால் தடவினாள். கீழேயிருந்து அவரே இன்னும் ஏதோ முனகினார்.

"அம்மா, உதறிப் போடச் சொல்றாரு. அமுக்கக் கூடாதாம்."

கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிற நூல் கத்தரி எப்போதும் போல் அவளோடு வந்திருந்தது. முதல் திண்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தன் தையலைத் தானே பிரிப்பது புதிதல்ல, அளவு தப்பினால் பிரித்துத்தானே ஆக வேண்டும். ஆனால் இது அவள் ஆயுசுக்கும் தைத்ததிலேயே கெட்டியான தையல். ஒரு கண்ணியை வெட்டினால் அடுத்தது பிடித்துக்கொண்டது. மூன்று பக்கமும் பிரித்து, துணியைச் சட்டத்துக்கு நடுவில் விரித்து, இறுகிப்போன பஞ்சைக் கைகொள்ளும் அளவாக எடுத்து, உதறி உதறிப் போட்டாள். உதற உதற அது பெருகிக்கொண்டே வந்தது. ஒரு திண்டிலிருந்து வந்த பஞ்சு மூன்று திண்டு இடத்தை அடைத்தது. இவ்வளவையும் ஒன்றுக்குள் அடைத்துத் திணித்த தன் கையை நினைத்து அவளுக்கே மலைப்பாக இருந்தது.

ஏழாவது முடிந்தபோது தகரம் முறுக்கிக்கொள்கிற சத்தம் ஆரம்பித்தது. வெயில் ஏறிவிட்டது. சட்டை பிழிகிற அளவுக்கு நனைந்து முதுகோடு ஒட்டியது. கழுத்தில் வியர்வை வழிந்த இடமெல்லாம் அரித்தது. அப்போதுதான் மகள் ஓடி வந்து ஏணியடியில் நின்று கத்தினாள்.

"அம்மா, எறங்கி வா. அப்பாவுக்கு மூச்சு விட்டு விட்டு வருது. நர்ஸுக்குப் போன் பண்ணிட்டேன். நீ வந்துரு."

கத்தரி கையில் நின்றது. மிச்சம் இருந்த ஐந்தும் சரியாக அவர் தலைமாட்டுக்கு மேலே. இறங்கினால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரலாம். பெண்டாட்டி என்பவள் இந்த நேரத்தில் இருக்க வேண்டிய இடம் அதுதான், யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் இறங்கிவிட்டால் மறுபடியும் ஏற முடியாது. இன்னும் அரை மணியில் இந்த இடம் அடுப்பாகிவிடும். அவர் மத்தியானம்வரை தாங்கினால், கையைப் பிடித்துக்கொண்டே அவர் வேகுவதைப் பார்க்க வேண்டும். தாங்காவிட்டால், இங்கே உட்கார்ந்து யாருக்காக நூலை வெட்டிக்கொண்டிருக்கிறாள்?

வாழ்க்கையில் அவள் இவ்வளவு பயந்ததில்லை.

"அஞ்சு நிமிஷம்," என்றாள். அஞ்சு நிமிஷத்தில் ஒன்றுகூட முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா!"

"நீ உள்ள போ. அவரு கையைப் பிடிச்சுக்கோ. நான் பேசறது அங்க கேக்குதான்னு சொல்லு." பிறகு முகத்தைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "என்னங்க. நான்தான். இங்கதான் இருக்கேன், உங்க தலைக்கு நேர் மேல. எங்கயும் போயிராதீங்க. இப்ப எட்டாவது. இது நம்ம ரூம் ஜன்னல் திரை. ஓரத்துல பால் கொட்டினீங்களே, அந்தக் கறை இன்னும் இருக்கு. இதைப் பிரிச்சாச்சு. உதறிட்டேன். அமுக்கல, அமுக்கல. இப்ப ஒம்பது. இது வாத்தியார் வீட்டுப் பேன்ட் துணி, மிச்சம் குடுக்காம நானே வெச்சுக்கிட்டது. அவருகிட்ட சொல்லிடாதீங்க."

"கேக்குதும்மா," என்றது மகளின் குரல். அழுகிற குரல். "கண்ணைத் திறந்து மேலயே பாத்துட்டிருக்காரு. பேசு. பேசிக்கிட்டே இரு."

அவள் பேசினாள். பத்தாவதில் கத்தரி வழுக்கிக் கட்டைவிரலைக் கிழித்தது, அதையும் சொன்னாள். பதினொன்றில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தகரம் தலைக்கு மேல் நெருப்பாக இருந்தது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. பன்னிரண்டாவது உறையை உதறி முடித்து, சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி இல்லாமல் கையால் கோதிவிட்டு, "முடிஞ்சுது. வர்றேன்," என்றாள். திரும்பித் தவழ்ந்ததும் ஏணியில் கால் வைத்ததும் அவளுக்கு நினைவில்லை.

அறை வாசலில் வந்து நின்றபோது மணி ஒன்பதே முக்கால். நர்ஸ் வந்திருந்தாள். அவர் இருந்தார். மூச்சு விட்டு விட்டுத்தான் வந்தது, ஆனால் இருந்தார். தலையை லேசாகத் திருப்பி அவளைப் பார்த்தார். மஞ்சள் பஞ்சு தலைமுடியெல்லாம் ஒட்டி, சட்டை நனைந்து, விரலில் ரத்தம் காய்ந்து நின்றாள்.

"உள்ள வராதீங்கம்மா. அவரு மேல படும். போய்க் குளிச்சுட்டு வாங்க," என்றாள் நர்ஸ்.

அவள் பின்கட்டுக் குழாயடிக்குப் போனாள். அவர் எத்தனையோ முறை நின்ற அதே இடத்தில் நின்று கையைக் கழுவினாள். தண்ணீர் பட்டதும் அரிப்பு குறைவதற்குப் பதிலாக ஏறியது. இதையா இந்த மனுஷன் வேர்க்குரு என்றார்?

குளித்து வேறு துணி மாற்றிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கட்டைவிரல் அவளுடைய முழங்கையில் தடித்திருந்த சிவப்பைத் தடவிப் பார்த்தது.

"வேர்க்குரு," என்றாள் அவள்.

அவருடைய உதடு கோணியது. சிரித்தார் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

மணி பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. அவள் அவரைவிட அதிகமாகக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் வைத்ததைப் பார்ப்பது மாதிரி. ஒரு மணிக்கு வெளியே தெரு கண் கூசும்படி வெளுத்தது. நேற்று இந்நேரம் தலையணை மாற்றியாகிவிட்டது. இன்று தலையணை காய்ந்திருந்தது. அவர் "வெக்கை" என்று சொல்லவில்லை. எதுவுமே சொல்லவில்லை. மகள் சுவரில் சாய்ந்தபடி, இரண்டு நாள் தூங்காத தூக்கத்தைத் தூங்கினாள். ஸ்டூலில் ஏறிக் கூரையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று டெய்லரம்மாவுக்குக் கை பரபரத்தது. பிடித்த கையை விட மனமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மணி சுமாருக்கு அவர் உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தாள்.

"குளுருது," என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. "என்னங்க?"

"குளுருது டெய்லரே. போத்தி விடு."

அவள் நிமிர்ந்து நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் கட்டிலின் கால்மாட்டில் நின்று அவர் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாள். விரல்களிலிருந்து கணுக்கால் வரை தொட்டுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், டெய்லரம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். பத்து நாளைக்கு முன் இதே நர்ஸ்தான், கடைசியில் கை கால் எப்படிச் சில்லிட்டுப் போகும் என்று எடுத்துச் சொன்னவள். டெய்லரம்மா எதையும் மறக்கவில்லை.

"நர்ஸம்மா, ரூம் குளுந்திருக்கா?"

நர்ஸ் யோசித்தாள். புறங்கையால் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நெற்றி காய்ந்திருந்தது.

"குளுந்துதான்மா இருக்கு. நேத்து இங்க அஞ்சு நிமிஷம் நிக்க முடியல."

அவள் எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து கம்பளிப் போர்வையை எடுத்தாள். குளிர்காலம் போனதிலிருந்து மடித்து வைத்தது. அதை நன்றாக உதறிப் பிரித்து, பாதத்திலிருந்து கழுத்துவரை போர்த்தி, ஓரத்தைத் தோளுக்கு அடியில் சொருகிவிட்டாள்.

"இப்ப?" என்றாள்.

"ம்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நேரம் நீண்டுகொண்டே போனது. அவள் காத்திருந்தாள். அடுத்தது வரவில்லை. வெயில் இன்னும் இறங்கவில்லை, தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. மகளை எழுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, எழுப்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

சாயந்திரம் மாப்பிள்ளை வந்தார். சொல்ல வேண்டியவர்களுக்கு மகள் சொன்னாள். எதிர்வீட்டு வாத்தியார் தன் வீட்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். துணி தைக்கக் கொடுத்தவர்கள் வந்தார்கள். வெளியே அனல் இன்னும் அடங்கவில்லை. உள்ளே வந்தவர்கள் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள், நிற்க நிற்கத் துடைப்பதை மறந்தார்கள்.

பம்ப் ஸ்டேஷனில் அவரோடு வேலை பார்த்த ஆபரேட்டர் வெயிலிலேயே சைக்கிள் மிதித்து வந்திருந்தார். வியர்வை சொட்ட உள்ளே வந்தவர், நண்பரைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு கம்பளியைப் பார்த்துப் பதறிப்போய், அதைப் பிடித்து மார்புவரை கீழே இழுத்தார்.

"என்னம்மா இது, இந்த வெயில்ல போய்க் கம்பளியை..."

டெய்லரம்மா எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்து போர்வையின் ஓரத்தை வாங்கி, பழையபடி கழுத்துவரை இழுத்து, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டாள்.

"அவருக்குக் குளுருச்சுங்க," என்றாள்.